பதினோராவது ஆள்

வண்டிக்காரருடைய சரக்கு வண்டி ஒரு வியாழக்கிழமை நடுரோட்டில் உயிரை விட்டது. இன்ஜினிலிருந்து முதலில் ஒரு சத்தம் வந்தது, பிறகு புகை வந்தது, பிறகு ஒன்றுமே வரவில்லை. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, செத்த வீட்டுக்கு வந்தவர் போலக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "இதுக்கு மேல இதுல காசைக் கொட்டாதீங்க" என்றார். மறுநாள் காலையிலேயே பழைய இரும்புக்காரர் வந்து அதை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிழைப்புக்கு ஒன்றும் குறைவில்லை. பேக்கரிக்காரர்கள் தங்கள் வேனை ஓட்டச் சொல்லி ரொம்ப நாளாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரொட்டி ஏற்றிக் கடைகடையாக இறக்க வேண்டும், சாயங்காலம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். "நல்லதாப் போச்சு. இனிமே டயர் வெடிச்சா அவங்க பாடு" என்றாள் மனைவி. அவரும் தலையை ஆட்டி வைத்தார். ஆனால் அவர் நினைப்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றியே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் கிரிக்கெட். பஸ் டிப்போவுக்குப் பின்னாலுள்ள மைதானத்தில் ஆடும் சின்ன கிளப் அது. சொந்த இடம் கிடையாது, கட்டிடம் கிடையாது, பேருக்கு ஒரு போர்டு கூடக் கிடையாது. சொத்து என்று இருந்தது ஒரு கயிற்று மேட்தான். விரித்து ஆணி அடித்தால் பிட்ச், சுருட்டினால் பிணக்கனம். அந்த மேட்டும், ஸ்டம்புகளும், தண்ணீர் கேனும், அவற்றின் மேல் ஆட்டக்காரர்களில் ஏழெட்டுப் பேரும் மைதானத்துக்குப் போவது அவருடைய வண்டியில். மேட் தூங்குவதும் அவர் வீட்டுப் பின்பக்க ஷெட்டில். கிளப்பில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் வண்டியண்ணன்.

அவருடைய ஆட்டத்தைப் பற்றி அதிகம் பேசாமல் இருப்பதே மரியாதை. கிளப் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் பதினோராவது ஆள். கடைசியாக இறங்குவார், போன வேகத்தில் திரும்புவார். அவர் எடுத்த அதிகபட்ச ரன் ஏழு. அதில் நாலு, பேட்டின் பின்பக்கம் பட்டுத் தானாகப் போனது. பந்து எந்தப் பக்கம் வராதோ அந்தப் பக்கம் பார்த்துத்தான் அவரை ஃபீல்டிங்குக்கு நிறுத்துவார்கள். பந்துக்கோ அவர்மேல் தனிப் பாசம். தேடி வந்து கால்களுக்கு நடுவே புகுந்து போகும்.

கடைசி ஆள் என்பதால், ஓரத்திலிருக்கும் குட்டைச்சுவரில் ஆட்டம் முழுக்க உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவர்தான். அவுட் ஆனவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார்கள். அவர் தண்ணீரை நீட்டி, "பந்து எழும்பவே இல்ல. நீங்க என்ன பண்ணுவீங்க" என்பார். கயிற்று மேட்டில் பந்து எழும்பாமல் போவது குதிரைக்கொம்பு. அது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் "ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடிப்பார்கள். ஒருமுறை ரன் அவுட் ஆகி வந்தவரிடமும் பழக்கதோஷத்தில் அதையே சொல்லிவிட்டார். அவரும் ஆமாண்ணே என்றார்.

போன சீசனில் எதிரணி ஆள் ஒருவர் இவரைக் காட்டி, "இவரை எதுக்குப்பா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். இவர் டீமிலேயே ஆடும் எலக்ட்ரீஷியன் சிரித்துக்கொண்டே, "வண்டி அவரோடதாச்சே" என்றான். முதுகுக்குப் பின்னால் சொன்னதுதான். ஆனால் காதுக்கு முதுகு ஏது? அந்தச் சொல் மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வண்டி இருக்கும்வரை அதைக் கேட்டும் கேட்காதது போல இருந்துவிட்டார். இப்போது வண்டியும் இல்லை. இனி என்ன சாக்கில் டீமில் நிற்பது? அவர்கள் கழற்றிவிடுவதற்கு முன் தாமே கழன்றுகொண்டால் மானமாவது மிஞ்சும் என்று முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேப்டனைப் பார்க்கப் போனார். கேப்டனுக்கு லாண்டரிக் கடை. அதனால் டீமின் ஆட்டம் எப்படிக் கலைந்தாலும் சட்டை மடிப்பு மட்டும் கலையாது. வண்டி போன செய்தி ஏற்கெனவே அங்கே வந்து சேர்ந்திருந்தது.

"தம்பி, ஞாயித்துக்கிழமைக்கு நான் வரல. முட்டி வலி" என்றார்.

கேப்டன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "அப்ப மேட்டை எப்படிண்ணே கொண்டு போறது?"

முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அட, ஒப்புக்காவது கேட்டிருக்கலாம். "காய்கறிக்காரர்கிட்ட தள்ளுவண்டி கேட்டுப் பாருங்க" என்றார் வண்டிக்காரர்.

"நல்ல யோசனை. நீங்க ரெஸ்ட் எடுங்க. எலக்ட்ரீஷியனோட சித்தப்பா பையன் ஒருத்தன் சேத்துக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருக்கான். நல்லா அடிப்பானாம்."

அவ்வளவுதான். ஒரு மறுப்பு இல்லை, ஒரு வற்புறுத்தல் இல்லை. கடை வாசலைத் தாண்டிய பிறகுதான் நொண்ட வேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. தெருமுனை வரை நொண்டிக்கொண்டு போனார். அப்போது வலித்தது முட்டி இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் தள்ளுவண்டியோடு வந்து மேட்டை எடுத்துப் போனார்கள். சுருளை ஒரு பக்கமாகச் சரித்து ஏற்றினார்கள். முதல் பள்ளத்திலேயே உருண்டு விழும் என்று அவருக்குத் தெரியும். சொல்ல வாய் வரைக்கும் வந்தது, மென்று முழுங்கினார். "முட்டி எப்படிண்ணே இருக்கு?" என்று ஒருவன் கேட்டான். அதைத் தடவிக்கொண்டே உள்ளே நொண்டிப் போனார்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நேத்து இடது காலை நொண்டினீங்க. இன்னிக்கு வலது காலா?"

"ரெண்டுலயும்தான் வலி."

"கேட்டா மட்டும் சொல்லிடவா போறீங்க? மனசு வலின்னா மனசு வலின்னு சொல்லுங்களேன். அதுக்கு ஏன் காலை இழுக்குறீங்க?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மார்க்கெட் டீமோடு மேட்ச். ஜெயித்தால் அடுத்த சுற்று, கிளப் தொடங்கி இதுவரை எட்டிப் பார்க்காத இடம். அந்த நேரத்தில் அவர் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயத்தின் புண்ணியத்தில் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் கேப்டன் உள்ளே வந்தார். சட்டை மட்டும்தான் மடிப்போடு இருந்தது. முகம் பிழிந்து போட்ட துணி மாதிரி இருந்தது.

"அண்ணே, கிளம்புங்க. டாஸ் போட அந்த டீம் கேப்டன் காசோட நிக்கிறார்."

"முட்டி வலிக்குதுன்னு சொன்னேனே தம்பி."

"எந்த முட்டி?"

வண்டிக்காரர் தடுமாறினார். "இன்னிக்கு எதுன்னு இன்னும் முடிவாகல" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

கேப்டன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தச் சித்தப்பா பையன் வந்தாண்ணே. நாலாவதா இறக்கினா ஆடுவேன், இல்லன்னா கிளம்புறேன்னான். சரின்னேன். அப்ப எல்லாரும் ஒரு படி கீழ இறங்கணும்ல? கடைசியில எலக்ட்ரீஷியன் பதினொண்ணு ஆயிட்டான். நான் என்ன, ஆட்டத்துக்குச் சேத்தியா, ஆள்கணக்குக்குச் சேத்தியான்னு கேக்குறான். நம்ம பல் டாக்டரைக் கேட்டேன். கடைசியில இறங்கினா என்கிட்ட பல்லு காட்ட வர்றவங்க என்ன நினைப்பாங்கன்னு அவர் கேக்குறார். ஒவ்வொருத்தனும் ஒரு காரணம். மேட்டுக்கு ஆணி அடிக்கிற சுத்தியலைக் கையில வெச்சுக்கிட்டே பேசுறாங்க. எனக்குப் பயமா போச்சு. கடைசியில அந்தப் பையன், இந்தச் சண்டைக்கெல்லாம் நான் வரலன்னு பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். அப்பவும் சண்டை நிக்கல. இப்ப பத்தாவது யாருன்னு நடக்குது."

வண்டிக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். கேட்க வேண்டியதை இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது என்று தோன்றியது. "என்கிட்ட இப்ப வண்டி இல்ல தம்பி" என்றார். "இத்தனை நாளா நீங்க என்னை வெச்சிருந்தது வண்டிக்காகத்தான்னு எனக்குத் தெரியும். ஆட்டமும் தெரியாது, வண்டியும் இல்ல. நான் வந்து என்ன பண்ண?"

கேப்டன் உடனே மறுக்கவில்லை. "பொய் சொல்ல மாட்டேண்ணே. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன்" என்றார். "நேத்து வரைக்கும். இன்னிக்குத்தான் புரிஞ்சுது, இந்த டீம்ல இப்படி ஒரு சண்டை வரும்னே இத்தனை வருஷமா எனக்குத் தெரியாம இருந்திருக்கு. நீங்க பாட்டுக்குப் போய் அந்தச் சுவர்ல உக்காந்துடுவீங்க. உங்களுக்கு மேல எவனும் எந்த இடத்துல வேணா இருந்துக்கலாம். கடைசி இடத்துல சிரிச்சுக்கிட்டு உக்கார ஒரு ஆள் இருந்தா மத்த பத்துப் பேரும் பெரிய ஆட்டக்காரங்கதான். நீங்க இல்லன்னதும் அத்தனை பேரும் குழந்தையாயிட்டாங்க. காலையிலேருந்து அந்தச் சுவர் காலியாக் கிடக்கு. எனக்கே பாக்கப் பிடிக்கல."

பிறகு மனைவி, இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைச் சட்டையைக் கொண்டு வந்து அவர் மடியில் போட்டாள். "மீதி வெங்காயத்தை நான் பாத்துக்கறேன். நீங்க உரிச்ச லட்சணத்துக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

மைதானத்தில் ஸ்கூட்டரிலிருந்து அவர் இறங்கியதும் சண்டை அப்படியே நின்றது. எலக்ட்ரீஷியன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுத்தியலால் ஓர் ஆணியைத் தட்டிக்கொண்டிருந்தான். அந்த ஆணி ஏற்கெனவே தரையோடு தரையாக இறங்கியிருந்தது.

மார்க்கெட் டீம் முதலில் ஆடியது. வழக்கம்போலப் பந்து அவரைத் தேடி வந்து கால்களுக்கு நடுவே புகுந்து எல்லையைத் தொட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இவர்கள் ஆட, அவர் சுவரில் போய் உட்கார்ந்தார். நன்றாகத் தொடங்கிய டாக்டர் ஸ்டம்பு பறிபோய்த் திரும்பி வந்தார். "பந்து எழும்பவே இல்ல டாக்டர். நீங்க என்ன பண்ணுவீங்க." டாக்டர் பெருமூச்சு விட்டு, "அதானே" என்றார். ஒவ்வொருவராக வந்து உட்கார உட்காரச் சுவர் நிரம்பியது. கேப்டனும் வந்து சேர்ந்தார். ஆனால் இலக்கும் நெருங்கிக்கொண்டே வந்தது.

கடைசி ஓவர். ரெண்டு பந்தில் மூணு ரன் வேண்டும். எலக்ட்ரீஷியன் ஓங்கி அடித்தான். பந்து வானத்துக்கு ஏறி, ஊரையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, சாவகாசமாக இறங்கி ஃபீல்டர் கையில் உட்கார்ந்தது. மிச்சம் ஒரே பந்து. வண்டிக்காரர் பேட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பாதி வழியில் எதிரே எலக்ட்ரீஷியன் வந்தான். அழுதுவிடுவான் போலிருந்தது. அந்த மீன் முள் அவருக்கு ஞாபகம் வந்தது. ஆனால் வாயில் வந்தது பழகிய சொல்தான்.

"பந்து எழும்பவே இல்ல. நீங்க என்ன பண்ணுவீங்க."

எலக்ட்ரீஷியன் நின்று அவரையே பார்த்தான். "ஆமாண்ணே" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

கடைசிப் பந்து. பந்து வீசியவருக்கு வேர்வையில் கை வழுக்கியிருக்க வேண்டும். அது தரையையே தொடாமல், தூக்கத்தில் நடந்து வருவது போல நேராகவும் மெதுவாகவும் வந்தது. எவரும் அடிக்கக்கூடிய பந்து. வண்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பலங்கொண்ட மட்டும் சுழற்றினார். காற்று நன்றாக அடிபட்டது. திறந்து பார்த்தபோது நடு ஸ்டம்பு மல்லாந்து கிடந்தது.

மார்க்கெட் டீம் குதித்துக் கொண்டாடியது. அவர் திரும்பி நடந்தார். அவ்வளவு நீளமாக அந்த மைதானம் என்றைக்கும் இருந்ததில்லை. இத்தனை வருஷத்தில் அவர் அவுட் ஆகித் திரும்பும்போதெல்லாம் ஆட்டம் முடிந்திருக்கும். எல்லோரும் எழுந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருப்பார்கள், சுவர் காலியாக இருக்கும். தண்ணீரை அவரே எடுத்துக் குடித்துக்கொள்வார். அதில் ஒரு குறை இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

இன்றைக்கு நிமிர்ந்து பார்த்தார். மறுமுனையில் நின்ற ஆட்டக்காரர் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க, சுவரில் பத்துப் பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எலக்ட்ரீஷியன் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டான், தண்ணீரை நீட்டினான்.

"பந்து எழும்பவே இல்லண்ணே" என்றான். "நீங்க என்ன பண்ணுவீங்க."

"எழும்பவே இல்ல" என்றார் டாக்டர். "சுத்தமா எழும்பல" என்றார் கேப்டன். அந்தப் பந்து தரையைத் தொடவே இல்லை என்பதை அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள்.

வண்டிக்காரர் உட்கார்ந்தார். இரண்டு மடக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. "ஆமாப்பா" என்றார். முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. தோற்ற டீம் ஏன் இப்படி விழுந்து விழுந்து சிரிக்கிறது என்று மார்க்கெட் டீம் கொண்டாட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

மேட்டைச் சுருட்டித் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். "நடுவுல வெச்சுக் கயித்தைக் குறுக்கக் கட்டுங்க. நேத்து எங்க விழுந்துச்சு?" என்று கேட்டார் வண்டிக்காரர். "தபாலாபீஸ் பள்ளத்துல" என்று ஒப்புக்கொண்டார்கள். அவர் முன்னால் நடக்கத் தொடங்கியதும் எலக்ட்ரீஷியன் தடுத்தான். "வண்டியண்ணே, முட்டி வலின்னீங்களே. மேல ஏறி உக்காருங்க." வேண்டாம் வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல, தூக்கி உட்கார வைத்துவிட்டார்கள்.

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். தள்ளுவண்டி, அதில் சுருட்டிய மேட், அதன் மேல் புருஷன், சுற்றிலும் வேர்வை வழியப் பத்துப் பேர்.

"ஜெயிச்சாச்சா?"

"தோத்துட்டோம் அண்ணி."

"தோத்ததுக்கா இந்த ஊர்வலம்?" என்றவள், மேட்டிலிருந்து சின்னப் பையன் மாதிரி குதித்து இறங்கியவரைப் பார்த்தாள். "பாத்து இறங்குங்க. முட்டி என்னாகுறது?"

"எந்த முட்டி?" என்று கேட்டுவிட்டு, ஷெட் கதவைத் திறக்க ஓடினார் வண்டிக்காரர்.