கத்தரி நிற்கும் வரை

"கையெழுத்துப் போட்டப்புறம் உங்க அண்ணி அப்படி இப்படி அசைய முடியாது. அந்த மாதிரி எழுதித் தர்றேன்," என்று வக்கீல் பெருமையாகச் சொன்னபோது, உட்கார்ந்திருந்த நாற்காலி சின்னவளுக்கு முள்ளாகக் குத்தியது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

அண்ணி வெட்டுவாள், சின்னவள் தைப்பாள். இத்தனை வருடமும் வாய்ப்பேச்சிலேயே ஓடிய தையல் கடை அது. இப்போது பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை எடுக்கப் பேச்சு. நாளைக்கே ஒருத்தி படுத்துவிட்டால், பிள்ளைகள் வந்து நின்றால், எது யாருடையது? எழுதிக்கொள்வது நல்லதுதான். ஆனால் அதை அண்ணியிடம் எந்த வாயால் கேட்பது? உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வது போல ஆகிவிடாதா? அதனால்தான் நாலைந்து நாளாகப் பல்வலி என்று பொய் சொல்லிவிட்டு வக்கீல் தேடிக்கொண்டிருந்தாள்.

அடுத்துப் பார்த்தது மருந்துக் கடை மாடியில் இருந்த வக்கீலம்மாவை. மேசையில் பாதி குடித்த டீ, ஜன்னலில் காயப்போட்ட குடை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அண்ணி எங்க?" என்றார்.

"அவங்களுக்குத் தெரியாதுங்க."

"ரெண்டு பேர் விஷயத்த ஒருத்தர் காதுல மட்டும் ஓத மாட்டேம்மா. கூட்டிட்டு வாங்க, எழுதிடலாம்."

கடைக்குத் திரும்பும்போது அண்ணி நீளமான திரைத்துணியை மேசையில் விரித்து வெட்டத் தொடங்கியிருந்தாள். கத்தரி ஓடும்போது அண்ணி தலை தூக்க மாட்டாள், பேசவும் மாட்டாள். நடுவில் நின்றால் விளிம்பு பல் பல்லாக வந்துவிடும். சின்னவளுக்குத் தெரியாததா? ஆனாலும் மனசில் இருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"அண்ணி, பல்வலியெல்லாம் இல்ல. வக்கீலப் பாக்கப் போனேன். நம்ம கடைய எழுதி வச்சுக்கலாம்னு."

கத்தரி நிற்கவில்லை. கரகரவென்று போய்க்கொண்டே இருந்தது. துணி எங்கேதான் முடிகிறதோ! அண்ணியின் குனிந்த தலையில் வகிடு மட்டும் தெரிந்தது. கோபமா, அழுகையா, ஒன்றும் பிடிபடவில்லை. சின்னவள் ஊசிப்பெட்டியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

கடைசி நூலும் அறுந்தது. அண்ணி கத்தரியைக் கீழே வைத்தாள்.

"வக்கீலா? அவ்ளோதானா?"

"அவ்ளோதான் அண்ணி."

"அடிப்பாவி! பல்வலின்னு போனவ வந்ததும் முறுக்க நறுக்நறுக்குன்னு கடிச்சிட்டிருந்தியே. வேற எங்கயோ வேலைக்குப் பேசறே, என்னை விட்டுட்டுப் போகப்போறேன்னு நெனச்சு ராத்திரியெல்லாம் தூங்கலடி நான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பொய் சொல்லவாவது ஒழுங்கா கத்துக்கோ."

சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மிஷின் மேலேயே சாய்ந்துகொண்டாள்.

அடுத்த வாரம் வக்கீலம்மா எழுதியதை வாசித்துக் காட்டினார். பிற்பாடு எதையும் மாற்றக்கூடாது என்று வந்த இடத்தில் அண்ணி கை காட்டி நிறுத்தினாள்.

"இங்க ரொம்ப இறுக்கிப் பிடிக்குதுங்க. கொஞ்சம் உள்ள விட்டுத் தைங்க. நாளைக்குப் பிரிச்சுப் பெருசாக்கணும்னா துணி வேணுமில்ல?"

வக்கீலம்மா பேனாவை நீட்டுவதற்குள் அண்ணி பையிலிருந்து துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியை எடுத்து, தாளின் ஓரத்தில் நீலமாக ஒரு கோடு இழுத்துவிட்டு, வழக்கம்போல ஊதினாள். நீலத்தூள் பறந்து சின்னவளின் மடியில் விழுந்தது. அவள் தட்டிவிடவில்லை.