கை விடாத மூட்டை

பிலிப்பு பதினெட்டு வருடமாக என்னிடம் கருவாடு வாங்குகிறான். ஒருநாளாவது நான் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. முதலில் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விடுவான். மேலே நல்லதை அடுக்கி நடுவில் பழுதை வைக்கும் வித்தை குருநகர் முழுக்கத் தெரியும்; எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும். பிறகு கையை முகர்ந்து, முகத்தைச் சுளித்து, என் பரம்பரையை அரைமணி நேரம் ஏசுவான்.

எண்பத்தெட்டாம் ஆண்டு மார்கழியில் சாப்பாடு வெறுத்து மெலிந்துபோனேன். கொழும்பில் ஸ்கான் எடுத்தேன். கட்டி எதுவும் தெரியவில்லை என்று எழுதித் தந்தார்கள். யாழ்ப்பாணத்து டொக்டர் அதை நம்பவில்லை. ஈரல் முழுக்கத் தழும்பேறி முண்டும் முடிச்சுமாகக் கிடக்கிறது, அதற்குள் புற்று பதுங்கினால் படத்தில் பிடிபடாது, இரத்தத்தைச் சோதித்தால்தான் துப்புக் கிடைக்கும் என்றார். மேலே மட்டும் பார்த்து மூட்டை வாங்காத மனிதர், எனக்குப் பிடித்துப்போயிற்று.

இரத்தம் கொழும்புக்குப் போனது. முடிவை எடுத்துவந்து டொக்டரிடம் காட்டும் வேலையை, லொறியோடு போய்வருகிற பிலிப்பிடம் விட்டேன். மகள் றோஸுக்குக் கலியாணம் பேசி வைத்திருந்தோம். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"மச்சான், புற்றெண்டால் மறைக்காதை. றோஸின்ரை கலியாணத்தை விபூதிப் புதனுக்கு முன்னம் முடிக்கவேணும். அதோடை தவக்காலம் துவங்கினால் தாலி கட்ட விடமாட்டினம். தவக்காலம் முடிஞ்சு பாஸ்கா வருமட்டும் நான் இருப்பனோ தெரியாது."

வந்தவன், வெறும் வீக்கம்தானாம் என்றான். என் மனைவி லூர்த்தம்மாவும் தலையாட்டினாள். கலியாணத்தைப் பாஸ்காவுக்குப் பின் வைத்தோம்.

விபூதிப் புதன் கழிந்த திங்கட்கிழமை பிலிப்பு வந்தான். இறைச்சி தின்னாத தவக்காலத்தில் கருவாட்டுக்குக் கிராக்கி. நான் வாய்கூசாமல் ஒரு விலை சொன்னேன்.

"சரி, ஏத்துவம்" என்றான்.

மூட்டைக்குள் கை விடவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. ஸ்கானுக்குப் பிடிபடாதது எனக்கு அந்த இடத்தில் பிடிபட்டது.

"எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

தூக்கிய மூட்டையைக் கீழே வைத்தான். "தை கடைசியிலை. டொக்டர் உன்னைக் கூட்டிவரச் சொன்னவர். லூர்த்தம்மா உன்னட்டைச் சொல்லவேண்டாமெண்டு என்ரை கையைப் பிடிச்சு அழுதிட்டா, மச்சான்."

அடுப்படி வாசலில் நின்ற லூர்த்தம்மா உள்ளே போய்விட்டாள். இருவருமாகச் சேர்ந்து என்னிடமிருந்து எடுத்தது ஒரு வாரமோ இரண்டோ. அந்த வாரங்கள்தான் எனக்கு வேண்டியிருந்தன.

சால்வையைத் தோளில் போட்டேன். தவக்காலத்தில் தாலி கட்ட அனுமதி தரச் சொல்லிப் பங்குச் சுவாமியிடம் மன்றாட வேண்டும்.

"நீயும் வா" என்றேன். "ஏன் முன்னமே வரேல்லை எண்டு சுவாமி கேட்பார். அதுக்கு மறுமொழி நீதான் சொல்லவேணும்."