கியெலிக்கு எங்கே வலிக்கிறது?

சுனாமிக்குப் பிறகு செட்டிபாளையத்தில் போட்ட தகரக் கொட்டில்களில் ஒன்று பாலர் பாடசாலை ஆனது. கம்சாயினி அதற்கு ரீச்சர். அவளுக்குக் கதை சொல்வதென்றால் கொள்ளை ஆசை. அந்த ஆசைக்கு முடிவுகட்டத்தான் பின்லாந்திலிருந்து ஒரு பெட்டி வந்தது.

செம்மஞ்சள் நிறப் பெட்டி. கைப்பிடியும் சின்னத் திரையும் இருந்தன. பொத்தானை அமர்த்தினால் ஒரு கரடி வந்து கதை சொல்லுமாம். பெட்டியைக் கொண்டுவந்த உதவி நிறுவனத்து உத்தியோகத்தர் உதயரூபன் அதை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"இனி நீங்க கதை சொல்லப்படா, மிஸ். மெஷின்தான் சொல்லும். நீங்க பக்கத்தில இரிந்து பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினாச் சரி. இதுதான் டிஜிட்டல் முறை."

"என்ன பாஷையில சொல்லும், சேர்?"

"நிறையப் பாஷை இரிக்காம். விருப்பமானத அமத்துங்க."

மொழியைத் தெரிவுசெய்யும் பொத்தானுக்குள் அன்றைக்கே ஒரு பிள்ளை கடற்கரை மண்ணை அடைத்துவிட்டது. பிறகு அது அசையவில்லை. கரடி மட்டும் கண்ணைச் சிமிட்டி, ஒரு பெண்ணின் பரிவான குரலில், "வலிச்செ கியெலி" என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே சொன்னது.

பிள்ளைகள் கம்சாயினியைப் பார்த்தார்கள். விளங்கப்படுத்துவது அவளுடைய வேலை.

"எலிக்கு வலிக்குதாம்" என்றாள்.

"ஏன் ரீச்சர் வலிக்குது?"

அவள் அதுவரை யோசித்திருக்கவில்லை. "நீங்களே சொல்லுங்க பாப்பம்."

"தண்ணி வரக்குள்ள அது ஓடிச்சு. கம்பி வேலி காலக் கிழிச்சிட்டு" என்றாள் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி. மற்றவர்கள் ஓம் ஓம் என்றார்கள். எலியின் காலுக்கு என்ன கட்டுவதென்று பேச்சு நடந்துகொண்டிருந்தபோது கரடி வேறொன்று சொன்னது: "அக்கு ஒன் வேஹிஸ்ஸே. லீத்தா லத்துரி." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. திரையும் இருண்டது.

"அக்காவக் கூப்பிடுது. அக்காட பேர் லீத்தா. அவ தம்பி லத்துரியக் கூட்டிக்கொண்டு வந்து மருந்து கட்டினா. எலி நித்திரையாப் போயிட்டு" என்று கம்சாயினி ஒரே மூச்சில் முடித்தாள். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு தினமும் கதை நடந்தது. பெட்டியின் முதுகிலிருந்த சின்னச் சூரியத் தகட்டை வெயிலில் காட்டினால் திரை கொஞ்ச நேரத்துக்கு உயிர் பிடிக்கும். கரடி தினமும் அதே மூன்று வசனங்களைத்தான் சொன்னது. எலிக்கோ ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில் வலித்தது. தண்ணீர் வரிசையில் யாரோ அதன் வாலை மிதித்தார்கள். நிவாரணப் பருப்பைத் தின்று வயிறு ஊதியது. உதயரூபன் வரும்போதெல்லாம், "மெஷின் கதை சொல்லுதா?" என்று கேட்பார். "ஒவ்வொரு நாளும் சொல்லுது, சேர்" என்பாள் கம்சாயினி. அது பொய்யில்லை. அவர் திருப்தியோடு போய்விடுவார்.

இரண்டு வருடத்தில் சண்டை மூண்டு, கரடியனாற்றுப் பக்கத்திலிருந்து சனங்கள் இடம்பெயர்ந்து வந்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பாயில் வந்து உட்கார்ந்தன. அன்றைக்கு எலிக்கு ஏன் வலிக்கிறதென்று புதிதாக வந்த ஒருவன் உடனே சொன்னான்: "பங்கருக்குள்ள பாயக்குள்ள முழங்கால் அடிபட்டுட்டு."

"எலிக்கு என்னத்துக்குப் பங்கர்? அதுக்கு வளை இரிக்கே" என்றது ஊர்ப் பிள்ளை.

"வளை அதிட வீடு. ஷெல் அடிக்கக்குள்ள வீட்டுக்குள்ள இரிக்கப்படா."

அந்த விவாதத்தில் காலைநேரம் முழுவதும் போனது. கஞ்சி காய்ச்சும் சீதேவிப்பிள்ளை அகப்பையோடு வந்து, "என்ன மனே, எலிக்குப் பங்கர் வெட்டி முடிஞ்சுதா? கஞ்சி ஆறுது" என்று கேட்கும்வரை கம்சாயினிக்கும் முடிவு தெரியவில்லை. கடைசியில் எலி, வளைக்குள்ளேயே ஒரு பதுங்குகுழி வெட்டிக்கொண்டது.

பழைய பிள்ளைகள் முதலாம் வகுப்புக்குப் போக, தம்பி தங்கைகள் கதையைத் தொடர்ந்தார்கள். சண்டை முடிந்த வருடம் பின்லாந்திலிருந்து ஹில்க்கா என்ற பெண்மணி பெட்டியைப் பார்க்க வந்தார். உதயரூபன் அவருக்கு மொழிபெயர்ப்பாளர். ஹில்க்கா வாசலில் கால் வைத்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று, ஒரே குரலில், "வலிச்செ கியெலி!" என்றார்கள்.

ஹில்க்கா திகைத்து நின்றார். பிறகு உதயரூபனிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

"பிள்ளைகள் ஏன் தன்ன மொழியத் தெரிவுசெய்யச் சொல்லுதுகள் எண்டு கேக்கிறா" என்றார் உதயரூபன்.

பிள்ளைகள் நிறுத்தவில்லை. "அக்கு ஒன் வேஹிஸ்ஸே! லீத்தா லத்துரி!"

"மின்கலம் முடியப்போகுதாம். சார்ஜரப் போடட்டாம்." உதயரூபன் மெல்லக் கம்சாயினியின் பக்கம் திரும்பினார். "மிஸ், நாலு வருஷமா நடந்த கதை இதுதானா?"

"நீங்கதானே சேர் விளங்கப்படுத்தச் சொன்னீங்க" என்றாள் அவள்.

ஹில்க்காவுக்குக் கோபம் வரவில்லை. அவர் தலையிலிருந்து கொண்டை ஊசியொன்றை உருவி, பொத்தானுக்குள் இருந்த மண்ணைக் கிளறி எடுத்து, சார்ஜரைச் செருகி, ஆங்கிலத்தை அமர்த்தினார். கரடி உற்சாகமாகப் பனிமலையில் சறுக்கிய கதையைச் சொல்லத் தொடங்கியது. பிள்ளைகள் மரியாதையோடு கேட்டார்கள். கதை முடிந்ததும் ஒரு சின்னவள், "எலி எங்க?" என்றாள். பதில் வராததால் அழத் தொடங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அழுதார்கள்.

ஹில்க்கா பதறிப்போய்ப் பெட்டியைப் பழையபடி மாற்றப் பார்த்தார். முடியவில்லை. மொழியை ஒரு தடவை தெரிவுசெய்துவிட்டால் கரடி மறுபடி கேட்காதாம்.

"அப்ப அவவச் சொல்லச் சொல்லுங்க, சேர்" என்றாள் கம்சாயினி.

பிள்ளைகள் பெட்டியைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, ஹில்க்காவை மேசையில் ஏற்றி உட்காரவைத்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணைச் சிமிட்டி, "வலிச்செ கியெலி" என்றார். அழுகை நின்றது.

"இண்டைக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டாள் கம்சாயினி.

உதயரூபன் மொழிபெயர்த்தார். ஹில்க்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, வெட்கத்தோடு தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். விமானம் ஏறிய நாளிலிருந்து கடைவாய்ப் பல் வலியாம். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"கராம்பு!" என்று பாதிப் பிள்ளைகள் கத்தினார்கள். "உப்புத் தண்ணி!" என்றார்கள் மற்றவர்கள். சீதேவிப்பிள்ளை கராம்பு கொண்டுவந்து, "ஆவெண்டு வாயத் திறகா" என்று தானே பல்லிடுக்கில் வைத்துவிட்டார். ஹில்க்கா வீங்கிய கன்னத்தோடு மிச்ச வசனங்களைச் சொல்லிக் கண்ணை மூடினார்.

மறுநாள் காலை அவர் உதயரூபன் இல்லாமல் தனியாக ஓட்டோவில் வந்து இறங்கினார். நேரே போய் மேசையில் ஏறினார். எங்கே வலிக்கிறதென்று எல்லோரும் கேட்டார்கள். அவர் கன்னத்தைத் தட்டிக் காட்டி, இல்லையென்று தலையாட்டிச் சிரித்தார்.

"அப்ப இண்டைக்குக் கதை இல்லையா, ரீச்சர்?"

பிள்ளைகளின் முகம் வாடியதை ஹில்க்கா கவனித்தார். சற்று நேரம் தன்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து வலது செருப்பைக் கழற்றி, புதுச் செருப்பு கடித்த பெருவிரலை உயர்த்திக் காட்டினார். பாயிலிருந்த எல்லோரும் மேசையை நோக்கி நகர்ந்தார்கள்.