பக்கத்து சீட்டின் பாரம்

கணக்கு வாத்தியாருக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது அவர் மனைவியின் முதுகுவலிதான். வலி அவளுக்கு, தண்டனை இவருக்கு. அவள் பல் டாக்டர். நாளெல்லாம் குனிந்து அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவள், சாயங்காலம் இவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் ஏறினால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் "ஐயோ அம்மா" என்பாள். அதற்கடுத்து அவள் சொல்வதை அச்சில் போட முடியாது.

கார் வாத்தியாரைவிட வயதில் மூத்தது. இரண்டே சீட், நீண்ட மூக்கு, மடக்கி வைக்கிற துணிக்கூரை. அழகுக்குக் குறைச்சலில்லை. ஸ்பிரிங்குகள்தான் எப்போதோ உயிரை விட்டுவிட்டன. சாலையில் கிடக்கும் ஒரு கூழாங்கல்கூட நேராக முதுகெலும்புக்கு வந்து சேரும்.

போன வாரம் டாக்டரம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள். "சனிக்கிழமை ரயில்வே கேட் வரைக்கும் போயிட்டு வருவோம். என் முதுகுல ஒரு வலி வந்துச்சுன்னா வண்டி மருந்துக்கடைக்காரருக்கு. அவர் ரெண்டு வருஷமா கேட்டுட்டு இருக்காரு."

எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் கேட்பதோடு நிற்பவரில்லை. மாலையில் நடக்கப் போகும்போதெல்லாம் காரின் மூக்கைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் போவார். அவர் போனதும் வாத்தியார் அந்த இடத்தைத் துணியால் துடைப்பார்.

எனவே ஆசையாசையாக வரவழைத்திருந்த புது ஸ்பிரிங்குகளையும் ஷாக் அப்சார்பர்களையும் தூக்கிக்கொண்டு மனைவியின் தம்பியுடைய பட்டறைக்கு ஓடினார். மைத்துனன் கெட்டிக்காரன். பழைய போல்ட்டுகள் துருவேறி அடம்பிடித்தன. அவனும் சளைக்காமல் எண்ணெய் விட்டான், சூடு காட்டினான், கொஞ்சம் திட்டவும் செய்தான். மத்தியானத்துக்குள் பழசெல்லாம் கழன்று, புதுசு மாட்டியாயிற்று. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் அடியில் மரை போட்ட ஒரு வளையம். அதைத் திருகினால் கார் அந்த மூலையில் ஏறும், இறங்கும்.

"நல்லா இறக்கு மச்சான். தரையோட ஒட்டினாத்தான் அழகு" என்றார் வாத்தியார்.

"இறக்கலாம் மாமா. ஆனா வண்டி சும்மா நிக்கும்போது அளந்து ஒரு புண்ணியமும் இல்ல. ஓடும்போது யாரு இருப்பாங்களோ அவங்க எடை சீட்ல இருக்கணும்." நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எடைப் பலகைகளை வைத்தான். நான்கின் எண்களையும் காட்டுகிற சின்னப் பெட்டி ஒன்று வயரில் தொங்கியது. "முன் இடதும் பின் வலதும், முன் வலதும் பின் இடதும்னு குறுக்குக்குக் குறுக்கு கூட்டினா ரெண்டும் ஒண்ணா வரணும். நீங்க ஏறி உட்காருங்க. அக்கா க்ளினிக்ல இருக்கா. அவ எடைக்கு மணல் மூட்டை வெச்சுக்கலாம். எவ்வளவு?"



வாத்தியார் நெற்றியைத் தேய்த்தார். கல்யாணமான புதிதில் அவளே ஒரு எண் சொல்லியிருக்கிறாள். கொடுக்கப்பட்ட எண்ணைச் சந்தேகிக்கக் கூடாது என்று காலமெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர், அதையே சொன்னார்.

மைத்துனன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "நிஜமாவா மாமா?"

"ஏன், உனக்கு வேற எதுவும் தெரியுமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் அவளுக்குத் தம்பி. இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருக்கணும்."

மூட்டைகளை நிறுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று சாக்பீஸால் 'அக்கா' என்று எழுதி, பக்கத்து சீட்டில் அடுக்கினான். வளையங்களைத் திருகித் திருகிக் கணக்கு நேரானபோது வாத்தியாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. டயருக்கும் அதன்மேல் கவிந்த மட்கார்டு வளைவுக்கும் நடுவே ஒரு விரல் போகும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை டாக்டரம்மா ஏறி உட்கார்ந்தாள். கார் அவள் பக்கம் மெல்லச் சாய்ந்தது. வாத்தியார் கவனிக்காத மாதிரி கிளம்பினார். முதல் தெரு வழவழவென்று போயிற்று. அவள் புருவம்கூட அசையவில்லை. அடுத்தது வேகத்தடை. அவள் பக்கத்து டயர் மேல்வளைவில் உரசி, 'கரக்' என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியது. ரப்பர் தீய்ந்த வாசனை வந்தது.

"பட்டறைக்கு விடுங்க" என்றாள்.

பட்டறைக்குள் நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டது சுவரோரம் கிடந்த மூட்டைகள்தான். மைத்துனன் ஓடிப்போய் அவற்றின் முன்னால் நின்று பார்த்தான். மறையவில்லை.

"இது யாரு?"

"நீதான்" என்றார் வாத்தியார்.

"எந்தக் கணக்குல?"

"நீ சொன்னதுதான். கல்யாணமான புதுசுல."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "யோவ், அப்பவே நான் குறைச்சுத்தானே சொன்னேன்! இத்தனை வருஷமா அதையா நம்பிட்டு இருந்தீங்க?"

"நீ சொன்ன பிறகு நான் எதுக்கு வேற கணக்கு போடணும்?" என்றார் அவர். சாமர்த்தியமாகச் சொல்லவில்லை. வண்டி கைவிட்டுப் போகிறதே என்ற கலக்கத்தில் உண்மைதான் வாயில் வந்தது.

அவள் சிரிப்பு நின்றது. பிறகு தம்பியிடம் கையை நீட்டினாள். "அந்தப் பெட்டியைக் குடு. நம்பர் நான் மட்டும்தான் பார்ப்பேன். ஏத்துன்னா ஏத்து, இறக்குன்னா இறக்கு. எட்டிப் பார்த்தே, மயக்க ஊசி போடாம பல்லைப் பிடுங்குவேன்."

இருவரும் சீட்டில் உட்கார, மைத்துனன் ஜாக்கியால் மூலை மூலையாகத் தூக்கினான், திருகினான், இறக்கினான். தினமும் நோயாளிகளை நாற்காலியோடு ஏற்றி இறக்குகிறவள் இன்று தானே ஏறி இறங்கினாள். வாத்தியார் கழுத்தை வளைக்காமல் நேராக எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். டயருக்கு மேல் இப்போது நாலு விரல் போகும். அழகு கொஞ்சம் குறைச்சல்தான். ஆனாலும் அவர் வண்டியைக் கிளப்பினார்.

ரயில்வே கேட்டில் தண்டவாளங்கள் ஒவ்வொன்றாக அடியில் போயின. டாக்டரம்மா ஒரு தடவைகூட அம்மாவைக் கூப்பிடவில்லை.

வீட்டு வாசலில் மருந்துக்கடைக்காரர் காத்திருந்தார். "என்னம்மா, முதுகு எப்படி? நாளைக்கு வந்து வண்டியை எடுத்துக்கலாமா?"

"முடியாதுங்க" என்றாள் டாக்டரம்மா, கதவைப் பத்திரமாகச் சாத்திவிட்டு. "இதுல என் எடை இருக்கு. அதை எந்த ஆம்பளைக்கும் குடுக்கிறதா இல்லை. கட்டினவருக்கே சொல்லலை."