சிரஞ்சீவி மாட்டிய ஆறு கிளாண்டுகள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் சொன்னது. "எங்க பேக்டரில ஒரு மேடம் இருக்காங்க" என்று ஆரம்பித்தாள். ஊரார் கதையை இவ்வளவு வேர்த்து விறுவிறுத்து யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம்.

அந்த மேடத்துக்குத் தேவயானி என்று பெயர் வைக்கிறேன். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் எலக்ட்ரிகல் பொறுப்பு.

2

முதல் தொடக்கம்: சிரஞ்சீவி பித்தளையை விற்றுத் தின்ற அன்று

வேண்டாம். இரண்டாவது: நகரிப் பக்கத்துக் கூலிக்காரக் குடும்பத்திலிருந்து வந்தவன் என்பதால்

இதுவும் வேண்டாம். (அடித்ததை அழிக்காமல் விட்டிருக்கிறேன். என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.) நடந்ததை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

டின்னுக்கு மூடி அழுத்தும் மிஷின் அது. டின் வந்து நின்றதும் சென்சார் தகவல் சொல்லும், இரும்புக் கை இறங்கும். சீசனின் நாலாம் நாள் டின் வராமலே கை இறங்கியது. அங்கே வேலை பார்க்கும் ரத்னம்மா அந்தக் கைக்கு அடியில் சிந்திய கூழைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வளையல் நொறுங்கிவிட்டது. விரல்கள் மயிரிழையில் தப்பின.

3

இங்கே கொஞ்சம் பாடம் எடுத்தாக வேண்டும். கொட்டாவி விடுபவர்கள் விடலாம்.

கேபிள் மின்பெட்டிக்குள் நுழையும் ஓட்டையில் அதை இறுக்கிப் பிடிக்கிற பித்தளைத் திருகுமூடிக்குக் கிளாண்டு என்று பெயர். சாதாரணக் கிளாண்டு தூசியையும் தண்ணீரையும் தடுக்கும், அவ்வளவுதான். மோட்டார் கேபிளுக்கு அது போதாது. அந்தக் கேபிள் சுற்றிலும் மின்காந்த இரைச்சலைக் கிளப்பும். அது சென்சார் வயரில் ஏறினால் வராத டின் வந்துவிட்டதாக மிஷின் நம்பிவிடும். அதற்காகத்தான் கேபிளுக்குள் செம்பு வலை போர்த்தியிருக்கிறது. அந்த வலையைச் சுற்றிலும் கவ்வி, இரைச்சலைப் பெட்டியின் இரும்பில் இறக்கிவிடுகிற கிளாண்டு தனி. உள்ளே ஒரு ஸ்பிரிங் வளையம் இருக்கும், விலையும் அதிகம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

மேனேஜர் முரளிதரன் இதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"ஒரிஜினல வித்துட்டு சாதா ஐட்டத்த மாட்டிட்டான். மாட்டுனது யாரு? சிரஞ்சீவிதான? கேட் பாஸ வாங்கி வெச்சிட்டேன். நீ தெறந்து பாத்து ரிப்போர்ட் குடும்மா."

தேவயானியும் நம்பினாள். சிரஞ்சீவி காண்ட்ராக்ட் ஃபிட்டர். போன வாரம் அவன் கையில் புது செல்போன் இருந்ததை அவளே பார்த்திருந்தாள். (செல்போன் என்று அந்தப் பெண் சொல்லவே இல்லை. நான் சேர்த்தது. ஏன் சேர்த்தேன்?)

4

ஆறு கிளாண்டையும் தேவயானியே கழற்றினாள். முதலாவதில் ஸ்பிரிங் வளையம் இருந்தது. செம்பு வலையை ஒரு இழை பிசகாமல் மடித்துவிட்டிருந்தான். இரண்டாவதும் அப்படியே. ஆறாவதாவது போலியாக இருக்கக்கூடாதா என்று அவள் மனசு ஏங்கியது. இல்லை, அதுவும் அசல்தான்.

ஆறையும் திரும்ப மாட்டி, கிளாண்டில் ஒரு முனையும் பெட்டியில் ஒரு முனையுமாக மீட்டரை வைத்தாள். மீட்டர் கூவவில்லை. இரண்டுக்கும் நடுவே மின்சாரம் போக வழியே இல்லை. ஓட்டையின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். ஆரஞ்சு பெயிண்ட் உரிந்து வந்தது.

அங்கே ஒரு வழக்கம். முதல் மாங்காய் லோடு உள்ளே வருவதற்கு முன் மிஷின்களுக்குப் பூஜை. அதற்காகப் பெட்டிகளுக்கெல்லாம் புதுப் பெயிண்ட், சந்தனம், குங்குமம். இந்தப் பெட்டி புதிது, வெறும் தகரமாக மூளியாகத் தெரிகிறதே என்று உள்ளும் புறமும் அடிக்கச் சொன்னது தேவயானி. அன்றைக்குக் கத்தியும் கையுமாக நின்ற சிரஞ்சீவி கேட்டிருந்தான்:

"மேடம், ஓட்டய சுத்தி பெயிண்ட்ட சொரண்டிட்டு மாட்டட்டா? கெளாண்டு இரும்ப தொடணுமே."

"பொட்டு வெச்ச பொட்டிய கத்தியால கீறுவியா? நல்ல நாளும் அதுவுமா! அப்டியே மாட்டுப்பா."

பஸ்ஸில் அந்தப் பெண் இதை ஒரு எழுத்து மாறாமல், அதட்டல் உட்பட, சொல்லிக் காட்டினாள். அந்தப் பேச்சு நடந்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். நான் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

5

முடிவுகள்.

ஒன்று: 'கிளாண்டுகள் சரி. பெயிண்ட் என் உத்தரவு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். அவள் வேலைக்கு உத்தரவாதமில்லை.

இரண்டு: 'ஃபிட்டர் பெயிண்ட்டைச் சுரண்டாமல் மாட்டியிருக்கிறார்' என்று எழுதுகிறாள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எனக்குப் பயமே அதுதான்.

மூன்று: யாருக்கும் தெரியாமல் தானே சுரண்டி மாட்டிவிட்டு, 'பழுது நீங்கியது' என்று. மிஷின் பிழைத்துவிடும். சிரஞ்சீவி திருடனாகவே

அன்று சாயங்காலம் கேட்டருகே அவன் காத்திருந்தானாம். "மேடம், கெளாண்டெல்லாம் சரியாத்தான இருந்திச்சி? நாளைக்கி வேலைக்கி வரட்டா?"

"அந்த மேடம் இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

அவள் இறங்க வேண்டிய சந்திரகிரி வந்துவிட்டது. அவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களா இருந்தா இன்னா சொல்லுவீங்க சார்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. அவள் இறங்கிப் போய்விட்டாள்.

அவன் இன்னும் கேட்டருகில் நிற்கிறான். வரட்டுமா, வேண்டாமா? உங்களைத்தான் கேட்கிறேன்.