கெங்கம்மாள் வீட்டுப் படம்

நாடு சுதந்திரம் அடைந்த வருஷம், ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், உபதேசியார் ராஜமாணிக்கம் ஒரு படத்தை எரித்தார். கே.ஜி.கண்டிகை வழியாகத் திருத்தணி மலைக்குக் காவடிகள் போய்க்கொண்டிருந்த நேரம் அது.

அவர் அந்த ஊருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பதினோரு கிறிஸ்தவக் குடும்பங்கள், கூரை வேய்ந்த ஒரு சின்ன வேதக் கோயில், அவருக்கு ஓர் அறை. ஆள் கண்டிப்பானவர். அந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பா ஞானஸ்நானம் வாங்கிய அன்று, தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டு வந்த குலசாமிக் கல்லைத் தெருவே பார்க்கக் கடப்பாரையால் உடைத்தார். உடைத்துவிட்டு மூன்று நாள் காய்ச்சலில் நடுங்கிக் கிடந்தார். அவ்வளவு வேதனைப்பட்டு வெளியே தள்ளியதை எவரும் வேறு பெயரில் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதில் ராஜமாணிக்கம் உறுதியாக இருந்தார்.

அன்று காலை நிலக்காரர் வீராசாமி அவரை வரப்பில் நிறுத்தினார்.

"இன்னா உபதேசி, உங்க கெங்கம்மா வூட்ல படத்துக்குப் பூ வெச்சு வெளக்கு ஏத்துதாமே. நீ சாமி சிலையே கூடாதுன்னு சொல்லிகினு இருக்கற. அப்ப நாங்க மலைக்குப் போறதுல மட்டும் இன்னா தப்பு?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் ராஜமாணிக்கத்துக்குச் சுருக்கென்றது.

கெங்கம்மாள் களையெடுக்கப் போகிறவள். கணவன் முனியன் பட்டணத்துத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டு, மாதம் ஒருமுறை வந்து போவான். உபதேசியார் போனபோது அவள் அடுப்பருகே இருந்தாள். மண்சுவரில் ஒரு பழைய காலண்டர் படம். கோலூன்றி ஓடையைத் தாண்டும் மேய்ப்பராக இயேசு. மேலே கனகாம்பரச் சரம், கீழே விளக்குப் புகையின் கறை.

"இது யாரு கெங்கம்மா?"

"ஏசுசாமிங்க."

"இது காயிதம். எந்த உருவத்தயும் கும்புடக் கூடாதுன்னு ரெண்டாம் கற்பனை இருக்குதுன்னு போன மாசந்தானே சொன்னேன்? கல்லக் கும்புட்டதுக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்?"

"நான் அதக் கும்புடலிங்க."

"பின்ன?"

அவள் சொல் தேடினாள். "பாத்துகினு இருக்கறேன்" என்றாள்.

சாக்குச் சொல்கிறாள் என்று அவர் நினைத்தார். படத்தை ஆணியிலிருந்து கழற்றினார். அவள் தடுக்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தீ வைத்தார். ஓரங்கள் கருகின, கோல் எரிந்தது, ஓடை எரிந்தது. முகம் மட்டும் பழுப்பாகி, பிறகு கறுத்து, சாம்பலான பின்னும் கோடு கலையாமல் இருந்தது. மெல்லிய அந்தச் சாம்பல் தகட்டிலிருந்து தாழ்ந்த இரண்டு கண்கள் பார்த்தன. அவர் குச்சியால் அடித்து அதை உடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கெங்கம்மாள் கோயிலுக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஆராதனை முடிந்ததும் அருகே வந்தாள்.

"அந்தச் சாம்பல் எங்கங்க?"

"எதுக்கு?"

"வேணுங்க."

"காத்துல போயிடுச்சு கெங்கம்மா."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். சபையில் மூத்தவரான பெருமாள் அவள் போவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஐயாவுக்குத் தெரியாது. நீங்க வர்றதுக்கு முன்ன, பேதி கண்ட வருசம், அதோட பொண்ணு வசந்தி பூடுச்சு. ஒம்போது வயசு. ஆஸ்பத்திரி நர்சம்மா குடுத்த படங்க அது. ரெண்டு நாளு பேச்சே இல்ல, அந்தப் படத்தயே பாத்துகினு கெடந்துச்சு. பாத்துகினேதான் உயிரு போச்சு. எம்பொண்ணு கண்ணு கடைசியா நின்ன எடம் அதுன்னு கெங்கம்மா சொல்லும்."

அன்று மத்தியானம் சாப்பிடுமுன் ஜெபிக்கக் கண்ணை மூடிய ராஜமாணிக்கம் அந்த முகத்தைக் கண்டார். பழுப்பேறி, ஓரம் கருகிக்கொண்டிருந்த முகம். திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷமும் கண்ணை மூடினால் அவருக்கு இருட்டுதான். அந்த இருட்டோடுதான் பேசுவார். இப்போது இருட்டு இல்லை. நோயாளிக்கு ஜெபித்தாலும், பிணத்தை அடக்கம் செய்கையில் ஜெபித்தாலும் அந்த முகம் வந்து நின்றது. சபையில் ஒரு வீட்டிலும் விக்கிரகம் கிடையாது; தன் மண்டைக்குள் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்கு உடம்பு கூசியது.

காகிதம் தப்பென்றால் மரமும் தப்பு என்று ஒரு நாள் முடிவு செய்தார். கோயில் சுவரிலிருந்த பனஞ்சட்டச் சிலுவையை இறக்கினார். பெருமாள் ஓடிவந்தார்.

"அதயும் எடுத்துட்டா நாங்க எந்தப் பக்கம் பாத்து ஜெபம் பண்றதுங்க?"

உபதேசியார் சுவரைப் பார்த்தார். சிலுவை இருந்த இடத்தில் சுண்ணாம்பு அழுக்குப் படாமல் வெள்ளையாக இருந்தது. மரத்தைவிட அது பளிச்சென்று தெரிந்தது. அவரே சுண்ணாம்பு குழைத்துச் சுவர் முழுதும் பூசினார். காய்ந்ததும் பார்த்தால், லேசாக, அதே வடிவம்.

மறுநாள் சாயங்காலம் கெங்கம்மாள் வீட்டுக்குப் போனார். விளக்கு இல்லை, பூ இல்லை. படம் இருந்த இடத்தில் வெளிறிய சதுரம் ஒன்று இருந்தது. அதற்கு எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் வாசலுக்கு வெளியே நின்றார்.

"மன்னிச்சிடு கெங்கம்மா. வசந்தி விசயம் எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா எரிச்சிருக்க மாட்டீங்களா?"

அவர் யோசித்தார். "எரிச்சிருப்பேன்னுதான் நெனக்கிறேன்" என்றார். பிறகு, எவரிடமும் சொல்லாததைச் சொன்னார். "இப்ப கண்ண மூடுனா அந்த மொகந்தான் வருது. ஜெபம் பண்ண முடியல."

அவள் முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு வருதா?"

"ஆங்."

"எனக்கு வரலிங்க. அத்தினி வருசம் தெனம் பாத்தேன், இப்ப ஒண்ணும் வரல. வசந்தி மொகம் வருது. அது எதயோ பாத்துகினு இருக்குது. எதப் பாக்குதுன்னு நான் திரும்புனா அங்க ஒண்ணும் இல்ல. நீங்க சொல்லுங்க. எப்பிடி இருந்துச்சு?"

ராஜமாணிக்கம் நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்து கண்ணை மூடினார். சொல்ல ஆரம்பித்தார். தோள்வரை தொங்கும் முடி. நீல மேலங்கி. கையில் வளைந்த கோல். ஓடையில் முழங்கால் தண்ணீர். காலடியில் நனைந்த ஆட்டுக்குட்டி. சொல்லச் சொல்ல முகத்தின் கருகல் விலகியது, ஆனால் முகம் விலகவில்லை.

"எம்பொண்ணப் பாத்துகினு இருந்தாரா?"

ஆமென்று சொல்லிவிட்டால் முடிந்தது.

"இல்ல கெங்கம்மா. குனிஞ்சு ஆட்டுக்குட்டியப் பாத்துகினு இருந்தாரு."

உள்ளே அவள் தரையைக் கையால் தடவும் சத்தம் கேட்டது.

"பாய நான் படத்துக்கு நேர் கீழதான் போட்டிருந்தேன்" என்றாள். "குனிஞ்சிருந்தாருன்னா போதும்."

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அவர் போனார். அவள் கேட்க, அவர் சொன்னார். சிலுவையையும் அவரே மறுபடி மாட்டினார். நடந்ததையெல்லாம் தனக்கு மேலிருந்த பாதிரியாரான மிஷன் ஐயருக்கு எழுதினார். நினைவுக்காக வைப்பது வேறு, வணங்குவது வேறு என்று இரண்டு பக்கத்தில் பதில் வந்தது. நியாயமான கடிதம்தான். நான்கு தடவை படித்தார். கெங்கம்மாள் செய்தது எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அவருக்குப் புரியவில்லை. முனியன் பட்டணத்திலிருந்து அதேபோல ஒரு புதுப் படம் வாங்கி வந்தான். அவள் அதைச் சுருட்டிக் கூரை மோட்டுவளையில் செருகிவிட்டாள். "இத வசந்தி பாக்கலியே" என்றாள்.

மறுவருஷம் அவரை மணவூருக்கு மாற்றினார்கள். கெங்கம்மாள் திருத்தணி ஸ்டேஷன்வரை அவருடைய பெட்டியைச் சுமந்து வந்தாள். வண்டிக்கு நேரமிருந்தது. அவர் வழக்கம்போலக் கண்ணை மூடினார்.

"இன்னிக்கி நான் சொல்றேன், நீங்க கேளுங்க" என்றாள் அவள்.

அவள் சொன்ன படத்தில் ஓடை இல்லை, கண்டிகை ஏரி இருந்தது. கோல் இல்லை. ஆட்டுக்குட்டி இருந்த இடத்தில் பச்சைப் பாவாடை கட்டிய ஒரு சிறுபெண், முன்பல் ஒன்று விழுந்தவள், தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாமே தப்பு. ராஜமாணிக்கம் ஒன்றையும் திருத்தவில்லை.

வண்டி வந்தது. அவள் பெட்டியை ஏற்றிவிட்டு, "வரட்டுங்களா" என்று திரும்பி நடந்தாள்.

ஸ்டேஷன் பின்னால் போனதும் பயணத்துக்காக ஜெபிக்கக் கண்ணை மூடினார். முகம் வந்தது, குனிந்தபடி. அதன் கீழே, உயிரோடு அவர் ஒருநாளும் பார்த்திராத வசந்தி, பச்சைப் பாவாடையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் இயேசுவைப் பார்க்கவில்லை. ராஜமாணிக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரக்கோணத்தில் வண்டி மாறி மணவூரில் இறங்கும்வரை உபதேசியார் கண்ணை மூடவே இல்லை.