அடியில் தங்கிய மருந்து

1

இந்தக் கதை பயத்திலிருந்து பிறந்தது. என் மருந்துப் பாட்டிலில் 'குலுக்கிக் குடிக்கவும்' என்றிருந்தது. குலுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கடைக்காரரைக் கேட்டேன். சொன்னார். அன்றிலிருந்து ஒரு பெண் என்னோடு இருக்கிறாள்.

திருப்பூர், 1964. பனியன் கம்பெனிகளின் சத்தம் ஓயாத ஒரு... [வேண்டாம். ஊரை வர்ணித்து நேரத்தைக் கடத்துகிறேன்.]

2

சைதுன்னிசாவின் ஆறு வயது மகள் குல்சாருக்கு வலிப்பு. கம்பவுண்டர் கன்னையன் ஒரு பொடியைப் பிசினோடு அரைத்து, தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்.

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: அந்தப் பொடி தண்ணீரில் கரையாது, நனையவே மறுக்கும். பிசின் நடுவில் நின்று இரண்டையும் சமாதானம் செய்யும். அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.)

"நல்லாக் குலுக்கிக் குடுங்கம்மா" என்றும் சொன்னார். முதல் நாள் குலுக்கினாள். குல்சார் துப்பினாள்.

"சுண்ணாம்புத் தண்ணிம்மா! நீயே குடி."

கலங்கிய தண்ணீரைத் தெளியவைத்து, மேலாக மொண்டு குடிக்கும் வீடு அது. மருந்தையும் அப்படியே தெளியவைத்து, மேலாக ஊற்றிக் கொடுத்தாள். குழந்தை மறுக்காமல் குடித்தது. வலிப்பு மட்டும் நிற்கவில்லை. குடித்தது அநேகமாக வெறும் தண்ணீர்.

3

ஒரு வாரத்து மருந்தும் இப்போது பாட்டிலின் அடியில், வெள்ளையாக. ஒரே வாயில் போனால் குழந்தை விழிக்காது. இது எனக்குத் தெரியும், சைதுன்னிசாவுக்குத் தெரியாது. காலையில் மறுபடியும் வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள்.

"அக்கா, மருந்து புள்ளைக்குப் பத்தலீங்க போல. இந்த மண்டியையும் கலக்கி ஊத்தட்டுங்களா?"

"ஊத்து கண்ணு. சத்தெல்லாம் அங்கதான கெடக்கும்."

தெய்வாத்தாளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கெட்டவளாக எழுதியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். அன்பாக அல்லவா சொல்கிறாள்.

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

குழந்தை குடிக்கிறது. உறங்குகிறது. சைதுன்னிசா வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாக அதன் நெற்றியைத் தொட்டு... [முடியாது.]

பாட்டில் கை நழுவி உடைகிறது. அப்படியானால் இன்று மருந்தே இல்லை. அடுத்த வலிப்பு வரும்போது குல்சார் அடுப்படியில்... [இதுவும் முடியாது.]

கன்னையன் சைக்கிளில் வருகிறார். எதற்கு வருவார்? சரியாகத்தான் சொல்லி அனுப்பினோம் என்று அவர் நிம்மதியாக இருக்கிறார்.

ஒன்றுதான் என்னால் முடிந்தது. தெய்வாத்தாளின் பதிலை அடித்துவிட்டு, அவளையும் கதையிலிருந்து வெளியே அனுப்பினேன்.

சைதுன்னிசா தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டாள். குல்சாரை மடியில் சாய்த்து, மூக்கைப் பிடித்திருக்கிறாள். "ஊத்தட்டுங்களா?" என்று நிமிர்ந்து பார்க்கிறாள்.

அறையில் இப்போது இருப்பது நீங்கள்தான்.